மூலை அறையில் இரண்டு அங்குலம்

நிந்தவூர்
07.01.1996

அன்புள்ள றஸாக் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி நபீலா எழுதுகிறேன். உம்மாவுக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கருவாட்டை நான் ஒளித்து வைத்ததால் கோபம் மட்டும் ஏறியிருக்கிறது. மற்றபடி அல்ஹம்துலில்லாஹ், நாங்கள் இருவரும் சுகம். அங்கே குளிர் என்று எழுதியிருந்தீர்கள். போர்வை இருக்கிறதா?

புது வீட்டுச் சுவர் நான்கு பக்கமும் யன்னல் உயரத்தைத் தாண்டிவிட்டது. தங்கத்துரை மேசன் காரைதீவிலிருந்து சைக்கிளில் ஏழு மணிக்கே வந்துவிடுகிறார். வழியில் செக்பொயின்ற்றில் தினமும் அவருடைய தூக்குக்குண்டைக் கையில் எடுத்து இது என்னவென்று கேட்கிறார்களாம். "நூலில கட்டின இரும்புத் துண்டு, சுவர் நேரா எண்டு பாக்கிற" என்று இவரும் தினமும் சொல்கிறாராம். நாலு மணிக்குள் அவர் திரும்பிவிட வேண்டும். அதனால் வேலை மெதுவாகத்தான் போகும், கோபிக்க வேண்டாம்.

இந்த வருஷமும் எனக்கு எட்டாம் ஆண்டு விஞ்ஞானம். முப்பத்தொரு பெண் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி நிறையக் கப்பியும் தராசும் வெப்பமானியும் இருக்கின்றன. அதைப் பூட்டித் திறப்பைப் பள்ளிக்கூட அதிபர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கேட்டால், "ஒடஞ்சா ஆர் டீச்சர் பதில் சொல்லுற? படத்தை வரைஞ்சி காட்டுங்க, போதும்" என்கிறார். கப்பியை வரைந்தேன். பின் வரிசை வாங்கிலிருந்து உம்மு என்ற பிள்ளை எழும்பி, "டீச்சர், இது சுத்துமா?" என்று கேட்டது. கரும்பலகையைக் காட்டிக் கேட்டது, காக்கா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. பிள்ளை மேல் அல்ல.

பிள்ளைகள் சிலர் பின்னேரங்களில் புது வீட்டுப் பக்கம் வருகிறார்கள். கல் எடுத்துக் கொடுக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்.

வஸ்ஸலாம்.
நபீலா


தம்மாம்
02.02.1996

அன்புத் தங்கச்சி நபீலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நோன்பு பாதியை நெருங்கிவிட்டது. உம்மா நோன்பு பிடிக்கிறாவா? மருந்து குடிக்கிறவ பிடிக்கத் தேவையில்லை என்று நான் சொன்னதாகச் சொல். கேட்க மாட்டா, ஆனாலும் சொல்.

எனக்கு ஒரு குறையுமில்லை. ஸ்டோர்கீப்பர் வேலை என்றால் ஃபேனுக்குக் கீழே இருந்து பேனா பிடிக்கிற வேலைதானே. போர்வையும் இருக்கிறது.

வீட்டு விஷயம் அவசரம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் சபியா உம்மா ஆட்களோடு வீடு பார்க்க வருகிறாவாம், மாமா எழுதியிருந்தார். அவவின் மகன் நல்ல மாப்பிள்ளை, சங்கத்தில் கிளாக் வேலை. பெண்ணுக்கு வீடில்லாமல் கலியாணம் நடக்கிற ஊரா நம்முடைய ஊர்? நான் ஆறு வருஷமாக இங்கே இருப்பது அந்த ஒரு கூரைக்காகத்தான். மரம் வாங்கியாகிவிட்டது என்று மாமா சொன்னார். அவர்கள் வருவதற்குள் கூரை ஏற வேண்டும்.

கல் எடுத்துக் கொடுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதற்கு? தங்கத்துரைக்குக் கையாள் இல்லையா?

துஆவுடன்,
றஸாக்


நிந்தவூர்
25.02.1996

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி முடிந்தது. உம்மா முப்பது நோன்பும் பிடித்தா. "அவன் அங்க இருந்து கொண்டு எனக்குப் பத்வா குடுக்கானா?" என்று கேட்டா. சுகமாகத்தான் இருக்கிறா. நீங்கள் பெருநாளைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கச் சொன்னா.

கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கல் எடுத்துக் கொடுக்க வரவில்லை, படிக்க வருகிறார்கள். முப்பத்தொரு பேரும். பள்ளிக்கூடம் விட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தொழுதுவிட்டு வருகிறார்கள்.

அலுமாரிக்குள் பூட்டி வைத்ததெல்லாம் இங்கே திறந்து கிடக்கிறதே! வாசற்படிக்குக் கொண்டுவந்த கருங்கல்லை இரண்டு ஆம்பிளைகள் தூக்க முடியாமல் விட்டுப் போனார்கள். அலவாங்குக் கம்பியை அடியில் கொடுத்து, நடுவில் ஒரு செங்கல் வைத்து, மறுமுனையில் உம்முவை அழுத்தச் சொன்னேன். உம்மு ஒரு நெத்தலி. கல் எழும்பியது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் வேலிக்கு மேலே. செங்கல்லைக் கல்லுக்குக் கிட்ட நகர்த்தினால் இன்னும் லேசு என்று நான் சொல்லவில்லை. அதுகளே கண்டுபிடித்தன. மேசன் கல் தூக்குகிற கப்பி சுற்றுகிறது என்பதையும் உம்மு கையால் பார்த்துவிட்டாள்.

பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டார்கள், எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குழைத்த சீமெந்து ஏன் சூடாகிறது? ஸ்டோரில் இருக்கிற உங்களுக்கும் தெரிந்திருக்காது, சும்மா கேட்கிறேன்.

கூரை மரம் இன்னும் காயவில்லை. கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.
நபீலா


தம்மாம்
21.03.1996

தங்கச்சி நபீலாவுக்கு,

ஸலாம். சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். கோபம் ஆற வேண்டும் அல்லவா? கலியாண வீட்டைப் பள்ளிக்கூடம் ஆக்குவாளா ஒருத்தி? நாளைக்குச் சுவரில் ஒரு கீறல் விழுந்தால் சபியா உம்மா என்ன சொல்லுவா? நிறுத்து. மரம் காய்வதற்கு எத்தனை மாதம் என்று எனக்கும் தெரியும்.

சீமெந்து கேட்டாய். தண்ணீர் பட்டதும் அது காய்வதில்லை, தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டு வேறொரு பொருளாக மாறுகிறது. அந்த மாற்றத்தில் வருவதுதான் சூடு. மண்ணும் தண்ணீரும் குழைத்தால் வராது, செய்து பார்க்கச் சொல். பெரிய தளம் போட்டால் இரவு முழுக்க அதன் மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஆடி வெயிலில் இங்கே தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டுத்தான் குழைப்பார்கள். கலவை சரியா என்பதை மம்பட்டிச் சத்தத்திலேயே சொல்லிவிடலாம். தண்ணீர் கூடினால் சத்தம் சளசளவென்று இருக்கும், அந்தக் கலவை உறுதி இல்லை. ஏழு நாள் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். நனைக்காவிட்டால் வெடிக்கும். கையில் பட்டால் உடனே கழுவ வேண்டும், தோலைத் தின்றுவிடும். பிள்ளைகளைத் தொட விடாதே.

கூட இருப்பவர்கள் சொல்லக் கேட்டது.

றஸாக்


நிந்தவூர்
09.04.1996

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். எனக்கு இரண்டு நாள் தடிமனும் தும்மலும், இப்போது இல்லை.

நிறுத்தச் சொன்ன பக்கத்தை மடித்து வைத்தேன். சீமெந்துப் பக்கத்தை வகுப்பில் வாசித்தேன். காலையில் தங்கத்துரை மேசன் ஒரு பால் டின்னில் சீமெந்தும் இன்னொரு டின்னில் மண்ணும் குழைத்துச் சாக்கில் சுற்றி வைத்தார். பின்னேரம் பிள்ளைகள் வந்து டின்களை வெளியால் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்று சூடு, மற்றது குளிர். நம்பாமல் முப்பத்தொரு பேரும் முப்பத்தொரு தடவை தொட்டார்கள். "சவூதி மாமா சொன்னது சரி டீச்சர்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். இனி உங்களுக்குக் கேள்விகள் வரும், தயாராக இருங்கள்.

அதிபர் உம்மாவிடம் வந்து முறைப்பாடு சொல்லிவிட்டுப் போனார். நான் வகுப்பில் படம் வரைவதில்லையாம், பிள்ளைகள் கேள்வி கூடக் கேட்கிறார்களாம். இரண்டும் உண்மை. உம்மா வெத்திலையைப் பலமாக இடித்தா.

காக்கா, உங்கள் கை எப்படி இருக்கிறது?

வஸ்ஸலாம்.
நபீலா


தம்மாம்
30.04.1996

அன்புத் தங்கச்சி,

ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். இங்கே எல்லோரும் சேர்ந்து சோறாக்கிச் சாப்பிட்டோம். கறியில் உப்புக் கூடிவிட்டது, ஆக்கியவன் நான்.

இந்த வாரம் சபியா உம்மா வருவா, அல்லவா? உம்மாவுக்கும் உனக்கும் சீலை ஒரு ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பச்சை உனக்கு. அதை உடுத்திக்கொண்டு அடக்கமாக இரு. பெருநாளைக்கு முன்பே கூரை ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். ஏறியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு, இங்கே இருக்கிறவர்களுக்குக் காட்ட வேண்டும்.

கைக்கு என்ன? நன்றாக இருக்கிறது.

றஸாக்


நிந்தவூர்
07.05.1996

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் உடம்புக்குச் சுகம். மற்றதை ஒழுங்காகச் சொல்கிறேன், இடையில் கடிதத்தைக் கீழே போட்டுவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன சபியா உம்மா ஒரு மணிக்கே வந்துவிட்டா. ஒன்பது பெண்கள், ஒரு தட்டு மஸ்கட் இனிப்பு, கூடவே மாமா. பெருநாள் கிழமை என்பதால் தங்கத்துரை மேசன் இல்லை. பிள்ளைகள் இருந்தார்கள். மேசன் சுவர் எழுப்பப் பாவிக்கிற, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்ரிக் குழாய் இருக்கிறதே, தண்ணீர் நிரப்பியது, அதைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். குழாயின் ஒரு முனை எங்கே இருந்தாலும் மறுமுனையிலும் தண்ணீர் அதே உயரத்தில்தான் நிற்கும். நிலத்திலிருந்து அந்தத் தண்ணீர் வரை உயரம் பார்த்து, வீட்டு நிலம் சமமா என்று பிள்ளைகள் அறை அறையாக அளந்து வந்தார்கள்.

சபியா உம்மா முன்மண்டபத்தில் நின்று, "நல்ல எடுப்பான வீடு" என்று சொல்லி வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து உம்முவின் குரல்: "டீச்சர்! வாசல்ல தண்ணி மூணு அடியில நிக்கி. மூலை அறையில மூணடி ரெண்டு அங்குலம். மாப்பிள்ளை அறை ரெண்டு அங்குலம் பள்ளம்!"

ஒன்பது பெண்களும் கேட்டார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களும் கேட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். மூன்று தரம் அளந்தேன். சரியாக இரண்டு அங்குலம்.

"பெருநாளோட பெருநாளா என்னகா இது, வளைஞ்ச வீட்டுக்கா என்ட மகனக் கேக்கீங்க?" என்றா சபியா உம்மா. மஸ்கட் தட்டோடு போய்விட்டா. மறுநாள் மாமா தூது வந்தார். கலியாணம் நிற்கவில்லையாம், ஒரு நிபந்தனைதான். ஊரில் தன் மகனை வளைஞ்ச வீட்டு மாப்பிள்ளை என்று சொல்லத் தொடங்கிவிட்டார்களாம். அதனால் நான் உம்முவைக் கூட்டிக்கொண்டு போய், அந்த ஒன்பது பெண்களுக்கும் முன்னால், பிள்ளை பிழையாக அளந்துவிட்டாள் என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டுமாம். பிறகு பள்ளத்தை ஒருவருக்கும் தெரியாமல் நிரப்பிக்கொள்ளலாமாம்.

என்ன சொல்கிறீர்கள்? விரைவாக எழுதுங்கள்.

நபீலா


நிந்தவூர்
02.06.1996

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் இல்லை. சுகமாக இருக்கிறீர்களா? அதையாவது ஒரு வரி எழுதுங்கள்.

சீலை கிடைத்தது. மாமாவிடம் நான் முடியாது என்று சொன்னதிலிருந்து, இருபது நாளாக உம்மா என்னோடு கதைப்பதில்லை. சோறு போடுகிறா, கறி ஊற்றுகிறா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஆடி முடியும் வரைதான் தவணை என்று மாமா சொல்லிவிட்டார்.

தங்கத்துரை மேசன் கேள்விப்பட்டு மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. முப்பது வருஷத் தொழில் அல்லவா, ரோசம். நாலாம் நாள் வந்தார். ஒருவரோடும் கதைக்காமல் தானே குழாயைப் பிடித்து அளந்தார். பிறகு பிள்ளைகள் முன்னால் வந்து, "மழைக்குள்ள அத்திவாரம் போட்டது, அந்த மூலை இறங்கிட்டுது. நான் கவனிக்கல்ல. புள்ள சொன்னது சரி" என்றார். அந்த மனுஷனால் சொல்ல முடிகிறது. எங்கள் ஆட்களால் ஏன் முடியவில்லை?

நானும் ஒன்று சொல்ல வேண்டும். மரம் எப்போதோ காய்ந்துவிட்டது. கூரை போட்டால் வெயில் வராது, பிள்ளைகளால் நிழல் அளந்து படிக்க முடியாது என்று நான்தான் தள்ளிப்போட்டேன். உங்களுக்குப் பொய் எழுதினேன். அதற்கு என்னை ஏசுங்கள், தகும். ஆனால் முப்பத்தொரு பிள்ளைகளிடம் கண்ணால் பார், கையால் அள, பார்த்ததைச் சொல் என்று ஐந்து மாதம் சொல்லிவிட்டு, இப்போது பார்த்ததை விழுங்கு என்று சொல்ல என்னால் முடியாது. நீங்கள் சொன்னாலும் முடியாது. வாப்பா கபுறிலிருந்து எழும்பி வந்து சொன்னாலும் முடியாது. கலியாணம் போனால் போகட்டும். நான் அழுகிறேன் என்று மாமா எழுதினால் நம்ப வேண்டாம். ஒரு நாள்தான் அழுதேன், அதுவும் உங்கள் ஆறு வருஷத்தை நினைத்து.

அந்த ஆறு வருஷமும் நீங்கள் ஃபேனுக்குக் கீழே இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மம்பட்டிச் சத்தத்தில் கலவையை அறிகிறவர் ஸ்டோர்கீப்பர் இல்லை. உம்மாவுக்குச் சொல்லவில்லை.

நபீலா


தம்மாம்
25.06.1996

என் தங்கச்சி நபீலாவுக்கு,

ஸலாம். உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் தலையணைக்குக் கீழே இருந்தன. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன்.

ஓம், நான் ஸ்டோர்கீப்பர் இல்லை. வந்த நாளிலிருந்து கலவை குழைக்கிறேன், சுவர் கட்டுகிறேன். கை வெடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை. உம்மா கவலைப்படுவா என்றுதான் மறைத்தேன். அதோடு, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் காக்கா கூலியாள் என்று இழிவாகச் சொல்லக்கூடாது என்றும் நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. போன வருஷம் நாங்கள் கட்டிய சுவர் ஒன்றுக்கு நூல் பிடித்துப் பார்த்தவன் நான். சுவர் சாய்ந்திருந்தது. போர்மன், "சரி என்று சொல்லு, நாள் இல்லை" என்றார். சரி என்று சொன்னேன். பத்தாம் நாள் விழுந்தது. பங்களாதேஷ்காரர் ஒருவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவர் எங்கள் அறையில்தான் படுத்தவர். என் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஏனென்றால் அவருக்குத் தெரியாது.

உன்னைப் போல ஒரு டீச்சர் எட்டாம் ஆண்டில் எனக்கு இருந்திருந்தால் அன்றைக்கு வாய் திறந்திருப்பேனோ என்னவோ. எங்களுக்கும் அலுமாரி பூட்டித்தான் இருந்தது.

ஆகவே, அவர்கள் கேட்டபடியே உம்முவைக் கூட்டிக்கொண்டு போ. அவளுடைய உம்மாவிடம் கேட்டுவிட்டுப் போ. பிள்ளைக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்காதே. பார்த்ததைச் சொல்லட்டும். அதற்குப் பிறகும் வருகிற மாப்பிள்ளை வரட்டும்.

வீட்டைக் கலியாணத்தன்று பெண் பேருக்கு எழுதுவது வழக்கம். இவ்வளவு நாள் அந்த வழக்கத்துக்காகத்தான் வளவுக் காணி என் பேரில் இருந்தது. இத்துடன் அற்றோணித் தத்துவப் பத்திரம் வைத்திருக்கிறேன். அதை வைத்து எனக்குப் பதிலாக உம்மா கையெழுத்துப் போட்டு வீட்டையும் வளவையும் இப்போதே உன் பேருக்கு எழுதட்டும். ஒரு ஆளுக்கும் காத்திருக்காதே.

துஆவுடன், மேசன் றஸாக்


நிந்தவூர்
21.07.1996

என் அன்புக் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் மிகவும் சுகம். நீங்கள் சுகமா, கைக்கு மருந்து போடுகிறீர்களா என்று இனி ஒளிக்காமல் எழுதுங்கள்.

போன வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு சபியா உம்மா வீட்டுக்குப் போனோம். உம்முவின் உம்மா மீன் அரிந்துகொண்டிருந்தவ, "என்ட புள்ள பொய் சொன்னாவா? இல்லையே. அப்ப கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினா. உம்மாவும் வந்தா, என்னோடு கதைக்காமலே. ஒன்பது பெண்களும் வரிசையாக இருந்தார்கள். எங்களுக்குச் சர்பத் வைத்தார்கள்.

சபியா உம்மா நல்ல மாதிரித்தான் கேட்டா: "சொல்லு மகள், பயப்படாத. பிழையா அளந்திட்டன் எண்டு சொல்லு."

உம்மு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"பிழையா அளக்கல்ல," என்றாள். "ரெண்டு அங்குலம். மேசன் மாமாவும் அளந்தவர். வேணுமெண்டா நீங்களும் வந்து அளக்கலாம்."

மாமா எழும்பி, "சின்னப் புள்ள, அதுக்கு ஒண்டும் வெளங்கல்ல" என்று சிரிக்கப் பார்த்தார்.

அப்போது உம்மா வாய் திறந்தா. இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் பேச்சு. "அதுக்கு வெளங்கின. எனக்கும் வெளங்கின. நான் போய் அந்த வாசல்ல ஒரு வாளி தண்ணி ஊத்தினன். எல்லாம் ஓடிப் போய் மூலை அறையில நிண்டிச்சி. ஒருத்தருக்கும் சொல்லாம இவ்வளவு நாளும் வாயப் பொத்திட்டு இருந்தன். எனக்கு வயசு போயிட்டு, பயம் போகல்ல. இந்தப் புள்ளைக்கு இரிக்கிற ஈரல் எனக்கு இல்லாமப் போச்சே!"

குடிக்காத சர்பத்தைச் சபியா உம்மா எடுத்துக்கொண்டு உள்ளே போனா. நாங்கள் எழும்பி வந்தோம். கலியாணம் அத்தோடு சரி. மாமா எங்களோடு கோபம், கொஞ்ச நாளில் ஆறும். தங்கத்துரை மேசன் மூலை அறையை உடைக்கத் தொடங்கிவிட்டார். கூலி கேட்க மாட்டேன் என்கிறார், கொடுக்காமல் விட மாட்டேன் என்று நான்.

உங்கள் கடிதத்தை உம்மாவுக்கு முழுக்க வாசித்தேன். ஸ்டோர்கீப்பர் இல்லை என்கிற இடத்தில், "எனக்குத் தெரியும். போன முறை வந்த நேரம் அவன்ட கையால பிசைஞ்ச சோத்தப் பாத்தன்" என்றா. நாங்கள்தான் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறோம், காக்கா.

நேற்றுக் கல்முனைக்குப் போய் நொத்தாரிசுவிடம் வீட்டை என் பேருக்கு உறுதி எழுதினோம். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சீதன உறுதிதானே? மாப்பிள்ளைட பேர் என்ன?"

"மாப்பிள்ளை இல்ல," என்றா உம்மா. "எழுதுங்க."

வஸ்ஸலாம்.
நபீலா